ஒன்றேகால் விரல் தண்ணீர்

ஒன்றாம் தேதி, திங்கட்கிழமை

அன்புள்ள "என்னங்க"வுக்கு,

முப்பத்தோரு வருஷமாக உங்களை இப்படித்தான் கூப்பிடுகிறேன். ஆள் எதிரே இருந்தவரை அது போதுமானதாக இருந்தது. காகிதத்தில் எழுதிப் பார்த்தால் யாரையோ அதட்டுகிற மாதிரி இருக்கிறது. வேறு எதுவும் எனக்கு வாயிலும் வராது, பேனாவிலும் வராது. இதையே மரியாதையாக எடுத்துக்கொள்ளுங்கள்.

இங்கே நானும் கடையும் சௌக்கியம். தேய்க்க வருகிற துணிக்குக் குறைவில்லை. அங்கே ஆஸ்பத்திரியில் உங்கள் சௌக்கியத்தை நீங்கள் அனுப்பிய கார்டிலிருந்து தெரிந்துகொண்டேன். மொத்தம் மூன்று வரி. மூச்சுப் பயிற்சிக் கருவியில் மூன்று பந்துகளில் ஒன்றுதான் மேலே எழும்புகிறது என்பது முதல் வரி. ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போடுவதாக இல்லை என்பது இரண்டாவது. வண்டியை விற்றுவிடு, ஒழுகுகிற அந்தச் சக்கர வீட்டை வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறாய் என்பது மூன்றாவது. பேசினால் இருமல் வருகிறது என்று டாக்டர் உங்களுக்கு போன் கொடுக்காமல் வைத்திருப்பது உங்கள் நல்ல காலம். கொடுத்திருந்தால் அன்றைக்கு என் வாயிலிருந்து தப்பித்திருக்க மாட்டீர்கள்.

டாக்டர் என்னிடம் தெளிவாகத்தான் சொன்னார். முப்பது வருஷம் லாரிக்கு பாடி கட்டி, இரும்பைத் தேய்த்த தூளும் பெயின்ட் அடித்த புகையும் உள்ளே போய், இடது நுரையீரலின் கீழ்ப்பாகம் கெட்டுவிட்டது. அதை எடுத்துவிட்டால் மிச்சம் நன்றாக வேலை செய்யும், எடுக்காவிட்டால் அது மிச்சத்தையும் கெடுக்கும். இருபதாம் தேதிக்குள் கையெழுத்து வேண்டும் என்றார். நீங்கள் அவர் சொல்வதைக் கேட்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். நான் கவனித்தேன்.

சரி, வண்டி விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் சொன்னபடியே ஆள் பார்த்தேன். பழரசக் கடை வைக்கப்போகிறாராம், ஒருவர் வந்தார். இது முன்னே ரொட்டி விநியோக வண்டியாக ஓடியது என்றும், பின்னால் நாம் ஊர் ஊராகப் போய்த் தங்குகிற அறை முழுக்க உங்கள் கையால் கட்டியது என்றும் சொன்னேன். மடக்குக் கட்டிலை இழுத்துப் பார்த்தார். மேஜை கதவாக மாறுவதையும் கதவு மேஜையாக மாறுவதையும் நாலு தரம் செய்து பார்த்துவிட்டுச் சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தார். அப்புறம் அண்ணாந்தார். கட்டிலுக்கு மேலே இருக்கிற கறையையும், கட்டிலின் கால்மாட்டில் இருக்கிற கிண்ணத்தையும் பார்த்தார். நீல விளிம்பு வைத்த அந்த வெள்ளைக் கிண்ணம்தான். "ஒழுகுமாம்மா?" என்று கேட்டார். எனக்குப் பொய் சொல்ல வராது என்பது உங்களுக்குத் தெரியும். கொஞ்சம் என்றேன். "ஒழுகாம பண்ணிக் குடுங்க, எடுத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. உங்கள் கைவேலையை ஒரு பழரசக்காரர் உதட்டைப் பிதுக்கிப் பார்ப்பதா? ஏணியைச் சாத்தி ஏறிவிட்டேன். ஆமாம், நான்தான். இடுப்பைப் பிடித்துக்கொண்டு, எல்லா சாமியையும் கூப்பிட்டுக்கொண்டு, ஏறிவிட்டேன். மூன்று வருஷமாக என்னை மேலே ஏற விடாமல் வைத்திருந்தீர்களே, அங்கே என்ன புதையலா இருக்கிறது என்று பார்க்க வேண்டாமா?

என்னங்க, நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். தகட்டை மடித்து மடித்துப் போட்ட அந்த விளிம்புகளைத் தடவிப் பார்த்தேன். புடவைக் கரை மாதிரி ஒரு இடத்தில்கூட நெளியவில்லை. ஒரு ரிவெட்டுக்கும் அடுத்ததுக்கும் நடுவில் என் நாலு விரல் சரியாக உட்கார்ந்தது. ஒரு வரிசை முழுக்க விரலை வைத்து வைத்து அளந்துகொண்டே போனேன். நாற்பத்தாறு ரிவெட், நாற்பத்தைந்து இடைவெளி, ஒன்றும் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. யார் கண்ணிலும் படாத இடத்தில் எதற்கு இவ்வளவு நேர்த்தி? காக்காய்க்கும் ஆகாயத்துக்கும் காட்டுவதற்கா? கீழே கடையில் ஆள் வந்து கூப்பிட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள், எனக்குக் காதில் விழவே இல்லை. இந்த மனிதரோடுதான் இத்தனை வருஷம் உப்பு குறைவு, காரம் அதிகம் என்று சண்டை போட்டிருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்புறம் ஓட்டையைத் தேடினேன். நீங்கள் பூசிய சிலிக்கான், அதன்மேல் ஒட்டிய தார் ஷீட், அதன்மேல் அடித்த வெள்ளி பெயின்ட் என்று மூன்று சட்டை போட்டுக்கொண்டு கூரை உட்கார்ந்திருக்கிறது. ஊசி நுழைய இடமில்லை. சந்தேகம் தீராமல் எட்டு வாளி தண்ணீர் சுமந்து ஏறி ஊற்றினேன். உள்ளே போய்ப் பார்த்தால் ஒரு சொட்டு இல்லை.

இப்போது ஒன்றைச் சொல்ல வேண்டும், கோபித்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் போனதிலிருந்து நான் வீட்டில் படுப்பதில்லை, வண்டியில்தான் படுக்கிறேன். வீட்டில் அறைகள் அதிகம், ஆள் நான் ஒருத்தி. வண்டியில் கையை நீட்டினால் நாலு பக்கமும் நீங்கள் செய்த பலகை தட்டுப்படுகிறது, தூக்கம் வருகிறது. தினமும் காலையில் எழுந்ததும் கிண்ணத்துத் தண்ணீரை வெளியே ஊற்றிவிட்டுத்தான் பல் தேய்ப்பேன். பழக்கம், யோசிக்காமல் செய்வது. எட்டு வாளி ஊற்றி ஒரு சொட்டும் விழாத பிறகுதான் எனக்கு உறைத்தது. இங்கே மழை பெய்து ஒன்பது நாளாகிறது. வெறும் பனிதான். அப்படியானால் தினமும் காலையில் நான் ஊற்றுகிற தண்ணீர் எது?

தலைகால் புரியவில்லை. உங்களுக்குத் தெரிந்தால் எழுதுங்கள். தெரியாவிட்டால் நான் கண்டுபிடிக்கிறவரை பொறுங்கள். அதுவரை அந்தக் கையெழுத்து விஷயத்தில் வேண்டாம் என்கிற வார்த்தையை யாரிடமும் மறுபடி சொல்லக்கூடாது. வெந்நீர் மட்டும் குடியுங்கள், பந்தை முறைத்துப் பார்க்காதீர்கள்.

கொதிப்பு அடங்காத,
உங்கள் இஸ்திரிப்பெட்டி


பதினோராம் தேதி, வியாழக்கிழமை

அன்புள்ள என்னங்க,

கண்டுபிடித்துவிட்டேன். தலையணையை முதுகுக்கு வைத்துச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு இதைப் படியுங்கள். பக்கத்துக் கட்டில்காரருக்குப் படித்துக் காட்டுகிறேன் என்று மூச்சை வீணாக்க வேண்டாம்.

சனிக்கிழமை இங்கே கொட்டு கொட்டென்று கொட்டியது. அன்றைக்கு வேண்டுமென்றே வீட்டில் படுத்தேன். காலையில் ஓடிப்போய்ப் பார்த்தால் கிண்ணம் எலும்பாகக் காய்ந்து கிடக்கிறது. மறுநாள் மழை நின்றது, வண்டியில் படுத்தேன், கிண்ணத்தில் தண்ணீர். மழை பெய்தால் ஒழுகாத, பெய்யாவிட்டால் ஒழுகுகிற கூரையை நீங்கள் எங்கேயாவது கேள்விப்பட்டிருக்கிறீர்களா? எனக்குக் கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது.

நம் தெரு ஏ.சி. மெக்கானிக் தம்பி சட்டை மூட்டையோடு கடைக்கு வந்தார். அவரிடம் புலம்பினேன். அவர் கூரைமேல் ஏறவே இல்லை. வண்டிக்குள் வந்து செருப்பைக் கழற்றிவிட்டு நம் கட்டிலில் மல்லாந்து படுத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தார். அப்புறம் கேட்டாரே ஒரு கேள்வி, "அக்கா, மாமா எந்தப் பக்கம் தல வச்சுப் படுப்பாரு?" என்று. எனக்குச் சுருக்கென்றது. ரெண்டு பிள்ளை பெற்ற மனுஷன் கேட்கிற கேள்வியா இது என்று வாயைத் திறப்பதற்குள் அவரே சொன்னார். "இது மழத்தண்ணி இல்லக்கா. இது மூச்சு."

எனக்கு விளங்கவில்லை. அவர் பொறுமையாகச் சொன்னார். தூங்குகிறபோது விடுகிற மூச்சில் ஈரம் இருக்கிறது. அது சூடாக மேலே எழும்பி, விளக்குக்காக நீங்கள் மரச்சீலிங்கில் போட்ட துளை வழியாக நுழைந்து, தெர்மாக்கோலுக்கு மேலே இருக்கிற தகட்டில் போய் முட்டுகிறது. தகட்டுக்கு வெளியே பனி. பட்ட இடத்தில் மூச்சு தண்ணீராகி ஒட்டிக்கொள்கிறது. அது காய்ந்து போவதற்கு எங்கேயாவது காற்று நுழைந்து வெளியேற வழி வேண்டும். "மாமா ஒரு ஓட்டகூட விடல. அதான்க்கா சிக்கல்" என்றார்.

நான் தலையில் அடித்துக்கொண்டேன். பன்னிரண்டு வருஷமாக நாள் முழுக்க ஆவியில் நிற்கிறவள் நான். கடையின் தகரக் கூரையிலிருந்து சொட்டு விழுந்து துணி கறையாகக் கூடாது என்று, ஆவி வெளியே போகச் சுவரின் மேல் மூலையில் இரண்டு செங்கலை நீங்கள்தான் பெயர்த்துக் கொடுத்தீர்கள். அதே சொட்டு நம் கட்டில்மேல் விழுந்தபோது நம் இரண்டு பேருக்கும் அடையாளம் தெரியவில்லை பாருங்கள். நீங்கள் லாரிக்காரர், தண்ணீர் என்றால் மழை, மழை என்றால் ஓட்டை, ஓட்டை என்றால் அடை. நான் உங்கள் பெண்டாட்டி, நீங்கள் சொன்னால் சரியாக இருக்கும் என்று கிண்ணத்தை வைத்தேன்.

கதவுக்குப் பின்னால் ஆணியில் நீங்கள் மாட்டி வைத்த நோட்டை எடுத்துப் பார்த்தேன். ஒவ்வொரு பயணத்துக்கும் கிண்ணத்தில் ஒரு ராத்திரிக்கு எத்தனை விரல் தண்ணீர் என்று குறித்திருக்கிறீர்கள். முதல் வருஷம் ஒன்றரை விரல். "சிலிக்கான் பூசிய பின் — ஒன்றே முக்கால்." "தார் ஷீட் ஒட்டிய பின் — இரண்டு." நீங்கள் அடைக்க அடைக்க அது கூடிக்கொண்டே போயிருக்கிறது. இரண்டு என்பதற்குப் பக்கத்தில் ஒரு கெட்ட வார்த்தை எழுதி அடித்திருக்கிறீர்கள். அடித்தாலும் படிக்க முடிகிறது.

செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் எழுந்ததும் சீலிங்கைக் கழற்றினேன். ஸ்க்ரூ ஒவ்வொன்றும் இறுகிப் போயிருக்கும், மல்லுக்கட்ட வேண்டும் என்று நினைத்து உங்கள் பெரிய திருப்புளியை எடுத்துப் போனேன். அது வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி சுற்றிக்கொண்டு வந்தது. பார்த்தால் எல்லா ஸ்க்ரூவிலும் மெழுகு. என்றைக்கோ கழற்றப்போகிறவருக்குக் கை வலிக்கக் கூடாது என்று தடவி முடுக்கியிருக்கிறீர்கள். அது நானாக இருப்பேன் என்று நினைத்தா செய்தீர்கள்? யாருக்காக இருந்தாலும் நீங்கள் அப்படித்தான் செய்திருப்பீர்கள். அது தெரிந்ததும் கழற்றிய ஸ்க்ரூவில் ஒன்றுகூடத் தொலையாமல் முந்தானையில் முடிந்துகொண்டேன்.

பலகையை இறக்கி, தெர்மாக்கோலை உருவினேன். அப்புறம் பார்த்ததை எப்படி எழுதுவது என்று இரண்டு நாளாக யோசிக்கிறேன்.

தகட்டின் அடிப்பக்கம் முழுக்க முத்து முத்தாகத் தண்ணீர். ஆயிரம் இருக்கும், பத்தாயிரம் இருக்கும், எண்ண முடியாது. கடுகளவு, மிளகளவு, சில இடத்தில் கொத்தமல்லி விதை அளவு. கதவு வழியாக வெளிச்சம் வந்ததும் அத்தனையும் ஒரே நேரத்தில் மினுங்கின. நான் வாயைத் திறந்துகொண்டு நின்றேன். ராத்திரி முழுக்க எனக்குத் தெரியாமல் நான் விட்ட மூச்சு, ஒன்றுகூடக் காணாமல் போகாமல், என் தலைக்கு மேலே வந்து உட்கார்ந்திருக்கிறது. விரலால் ஒன்றைத் தொட்டேன். அது நழுவி அடுத்ததோடு சேர்ந்தது. இரண்டும் சேர்ந்து மூன்றாவதைக் கூட்டிக்கொண்டு, நீங்கள் வைத்த சட்டத்தின் ஓரமாகவே ஓடி, கால்மாட்டுப் பக்கம் சரிவு முடிகிற இடத்தில் நின்று தொங்கி, கிண்ணத்தில் விழுந்தது. டிங் என்று ஒரு சத்தம். மூன்று வருஷமாக நாம் திட்டிய சத்தம்.

நான் பெரிய விஷயங்களைப் பார்த்தவள் இல்லை. மலையைப் பார்த்திருக்கிறேன், கடலைப் பார்த்திருக்கிறேன், எல்லாம் இந்த வண்டியில் உங்களோடு போய்ப் பார்த்ததுதான். அவற்றைப் பார்த்தபோதுகூட எனக்கு இப்படி மயிர் கூச்செறியவில்லை. மூச்சு என்றால் போவது, கண்ணுக்குத் தெரியாதது என்றுதான் நினைத்திருந்தேன். அதற்கு எடை இருக்கிறது என்னங்க. அது ஓடுகிறது, கறை போடுகிறது, சத்தம் போடுகிறது.

கறையையும் பார்த்தேன். இறக்கிய பலகையின் மேல்பக்கத்தில் வளையம் வளையமாக, ஒன்றுக்கு வெளியே ஒன்றாகப் பதினேழு வளையம். நோட்டை எடுத்து எண்ணினேன். நாம் போன பயணங்களும் பதினேழு. ஒவ்வொரு பயணமும் நனைத்துவிட்டுக் காய்ந்த ஓரம் அது. கடைசி நாலைந்து வளையம் பெரியவை, உங்கள் தலைப்பக்கமாக அகன்று போகின்றன. நான் பலகையை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். அழுதேன், மறைக்க என்ன இருக்கிறது. துக்கத்தில் இல்லை. கோயிலுக்குள் போனால் சில நேரம் காரணமில்லாமல் கண் நிறையுமே, அப்படி.

இப்போது கணக்குக்கு வருகிறேன். நீங்கள் கணக்குக்குத்தான் மசிவீர்கள். நான் தனியாகப் படுத்த நாட்களில் கிண்ணத்தில் முக்கால் விரல். உங்கள் நோட்டில் நாம் இரண்டு பேருமாகப் படுத்த கடைசிப் பயணத்தில் இரண்டு விரல். என் முக்காலைக் கழித்துவிடுங்கள். ஒன்றேகால் விரல் உங்களுடையது. அந்தக் கடைசிப் பயணம் போன மாசிப் பனியில். அப்போதே நீங்கள் படியேறினால் நின்று நின்றுதான் ஏறுவீர்கள், இருமலுக்கு மருந்து குடித்துக்கொண்டிருந்தீர்கள். கெட்டுப்போன நுரையீரலை வைத்துக்கொண்டு என்னைவிட அரை விரல் அதிகமாக ஊதியிருக்கிறீர்கள். டீ போட்ட ஆவியும் அதில் சேர்ந்திருக்கும், அளந்தது சரியில்லை என்பீர்கள். சரி, டீக்குக் கால் விரல் தள்ளிவிடுகிறேன். அப்போதும் ஒரு விரல் நிற்கிறது. அந்தக் கண்ணாடிக் குழாயில் ஒரு பந்துதான் எழும்புகிறது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்திருக்கிறீர்களே, இங்கே ஒரு கிண்ணம் வேறு விதமாகச் சாட்சி சொல்கிறது.

கூரையைச் சரிசெய்தும் விட்டேன். கறுத்துப்போன ஒரு முழம் சட்டத்தையும் வளையம் பதிந்த பலகைத் துண்டையும் அறுத்து எடுத்துவிட்டுப் புதிது வைத்தேன். நாலு நாள் வெயிலில் திறந்து போட்டுக் காய வைக்கலாம் என்றார் மெக்கானிக் தம்பி. எனக்குப் பொறுமை இல்லை, இஸ்திரிப்பெட்டியை எடுத்துப் போய்த் தகட்டோடு வைத்து இரண்டு நாளில் காய வைத்தேன். சிரிக்காதீர்கள், இருமல் வரும். விளக்குத் துளையைச் சுற்றி ரப்பர் வைத்து அடைத்தேன், மூச்சு மேலே ஏறாமல் இருக்க. முன்னாலும் பின்னாலும் இறவாரத்தில் நீங்கள் அடைத்த இடைவெளியைச் சுரண்டி எடுத்து வலை வைத்தேன், மேலே காற்று ஓட. அப்புறம் ஒரு காரியம் செய்தேன். கூரையில், நடுவாக, ஒரு ஓட்டை போட்டேன்.

ஆமாம், டிரில்லை நான்தான் பிடித்தேன். தம்பி பிடிக்கிறேன் என்றார், கொடுக்கவில்லை. உங்கள் தகட்டை வேறு ஒருவர் துளைப்பதைப் பார்க்க என்னால் முடியாது. ஒழுகுகிறது என்று சொன்ன கூரையில் ஓட்டை போடுகிறாளே என்று தெருவே வேடிக்கை பார்த்தது. ஓட்டைக்கு மேலே மழை விழாமல் தொப்பி வேண்டும் என்றார் தம்பி. கடைக்குப் போக வேண்டியிருக்கவில்லை. மூன்று தகட்டுக் கால் வளைத்து, நம் நீல விளிம்புக் கிண்ணத்தைக் குப்புறக் கவிழ்த்து வைத்துவிட்டேன். கூரைக்குக் கீழே இத்தனை நாள் அண்ணாந்து கிடந்தது, இனி மேலே ஏறி உட்கார்ந்து வேலை செய்யட்டும்.

நேற்று உள்ளே படுத்தேன். காலையில் கால்மாட்டில் கை வைத்துப் பார்த்தேன். மெத்தை காய்ந்திருந்தது.

பழரசக்காரர் விசாரித்தார். இன்னும் ஈரம் காயவில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன். பொய் சொல்ல எனக்கு வந்துவிட்டது போலிருக்கிறது.

இருபதாம் தேதிக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. வேறு ஒன்றும் இப்போது எழுதவில்லை. வேளா வேளைக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள் கூரையைத் துளைத்த,
இஸ்திரிப்பெட்டி


இருபதாம் தேதி, சனிக்கிழமை, விடிந்ததும்

அன்புள்ள என்னங்க,

உங்கள் பதில் புதன்கிழமை வந்தது. கடையில் நிற்கிறபோது பிரித்தேன். "என் கூரையில் ஓட்டை போட என்ன தைரியம் உனக்கு? எந்தச் சரிவில் போட்டாய்? தொப்பிக்கும் தகட்டுக்கும் எத்தனை விரல் விட்டாய்? இரண்டுக்கு மேல் விட்டிருந்தால் சாரல் அடிக்கும், முட்டாளே." இவ்வளவுதான் எழுதியிருந்தீர்கள். நலமா என்றுகூடக் கேட்கவில்லை. அதைப் படித்துவிட்டு நான் அழுத அழுகையில், தேய்த்து வைத்திருந்த ஒரு வெள்ளைச் சட்டையை மறுபடி தேய்க்க வேண்டியதாயிற்று. எத்தனை மாதமாயிற்று நீங்கள் என்னைத் திட்டி! அந்த எழுத்து பேனா அழுந்தி மறுபக்கம் வரை பதிந்திருந்தது. இனி எதற்கு என்று சொல்கிற மனிதர் சாரல் அடிக்குமே என்று கவலைப்படுவாரா?

தொப்பிக்கும் தகட்டுக்கும் எத்தனை விரல் என்று எழுதி அனுப்பலாம்தான். நீங்களே பார்த்துக்கொள்ளட்டும் என்று தோன்றியது.

கடையைப் பூட்டி, சாவியை மெக்கானிக் தம்பியிடம் கொடுத்தேன். "அக்கா, தனியாவா? அவ்ளோ தூரமா?" என்று கேட்டார். தனியாக இல்லை, வீட்டோடு போகிறேன் என்றேன். இரண்டு நாள் ஓட்டினேன். மார்க்கெட்டுக்குப் போய்வருவதைத் தவிர வேறு எங்கும் ஓட்டாதவள் பெரிய சாலையில் லாரிகளுக்கு நடுவில் ஓட்டினேன். பிரேக்கை மிதிக்காதே, தடவு என்று நீங்கள் சொல்வது காதில் விழுந்துகொண்டே இருந்தது. இரண்டு இடத்தில் மிதித்தேன், ஒத்துக்கொள்கிறேன். உங்கள் கதவு-மேஜை ஒரு தரம்கூட ஆடவில்லை. வழியில் ஒருநாள் முழுக்க மழை. வைப்பர் ஓட்டத்தில் சாலையே தெரியவில்லை. நிறுத்திவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டு சீலிங்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். மேலே தடதடவென்று விழுகிறது. கீழே, உங்கள் பலகைகளுக்கு நடுவில், நான் காய்ந்த போர்வையில் கிடக்கிறேன். ஒரு மனிதர் தன் இரண்டு கையால் இப்படி ஒரு இடத்தைச் செய்ய முடியுமா என்று எனக்கு இன்னும் ஆச்சரியம் தீரவில்லை. அதில் தவறு என்று ஒன்று இருந்தது என்றால், மூச்சு போக வழி விட மறந்தது மட்டும்தான்.

நேற்று சாயங்காலம் இங்கே வந்து சேர்ந்தேன். பத்து மணிக்கு முன்னால் வார்டுக்குள் விடமாட்டார்கள். வெளியூர்க்காரர்கள் தங்க இடமில்லை என்று சொல்லித்தானே போன முறை என்னைத் திருப்பி அனுப்பினீர்கள்? இந்தத் தடவை இடத்தை நானே கொண்டுவந்துவிட்டேன். காவலாளி முதலில் முறைத்தார். உள்ளே கூட்டிப்போய்க் கட்டிலை இழுத்துக் காட்டினேன். இப்போது இன்னும் பத்து நாள் நின்றாலும் பரவாயில்லை என்கிறார்.

பத்து மணிக்கு நான் மேலே வருகிறபோது டாக்டர் அந்தக் காகிதத்தோடு நிற்பார். அவர் எதிரே உங்களோடு சண்டை போட எனக்கு மனமில்லை. அதனால் பணிக்கு வருகிற நர்ஸம்மாவிடம் இதை முன்னாலேயே கொடுத்து அனுப்புகிறேன். கூடவே ஒரு பொட்டலம் வரும். அது கூரையிலிருந்து அறுத்து எடுத்த பலகைத் துண்டு. வளையம் இருக்கிற பக்கத்தை விரலால் தடவிப் பாருங்கள். உள்ளே சின்னதாக இருப்பது நாம் முதல்முதலில் கடலுக்குப் போனது. வெளியே பெரிதாக, பலகையின் ஓரத்தைத் தொடாமல் நிற்பது கடைசியாகப் போனது. அதற்கு அப்புறம் பலகையில் இன்னும் ஒரு சாண் இடம் வெறுமையாக இருக்கிறது.

எனக்குப் பயமாக இருக்கிறது. உங்களுக்கும் இருக்கும், எனக்குத் தெரியும். உங்கள் உடம்பைக் கழற்றி மாட்டப்போகிறவர் ஸ்க்ரூவுக்கு மெழுகு தடவுகிறவராக இருக்க வேண்டும் என்று வழியெல்லாம் வேண்டிக்கொண்டு வந்தேன். கெட்டுப்போன ஒரு முழத்தை நான் அறுத்து எடுத்தபோது, அதை ஒட்டியிருந்த மரம் உள்ளே வெள்ளையாக, வாசனையாக இருந்தது. அதை மட்டும் உங்களிடம் சொல்ல வேண்டும் என்று இருந்தது.

கடிதத்தை மடித்து வைத்துவிட்டு, கம்பியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்து, ஜன்னல் பக்கம் வாருங்கள். அவசரம் வேண்டாம், நான் எங்கும் போகப்போவதில்லை. மூன்றாம் மாடியிலிருந்து குனிந்து பாருங்கள், மதிலோரமாக மரத்தடியில் நிற்கிறது. கூரைக்கு நடுவில் வெள்ளையாக ஒரு வட்டம், சுற்றிலும் நீலம். அதுதான் கிண்ணம். தொப்பிக்கும் தகட்டுக்கும் இரண்டு விரல்தான் விட்டிருக்கிறேன், உங்கள் விரல் அளவுக்கு.

கையெழுத்துப் போட்டுவிட்டு வாருங்கள். இனி கீழே கிண்ணம் வைக்க வேண்டியதில்லை. எவ்வளவு வேண்டுமானாலும் மூச்சு விடுங்கள், நம் கூரை தாங்கும்.

அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்கிற,
உங்கள் இஸ்திரிப்பெட்டி